ஒப்பமிடும் முன்

கோல்ஃப் என்னும் விளையாட்டைப் பற்றிக் குடும்ப இதழொன்றில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். அது செல்வர்களின் பொழுதுபோக்கு என்பது பொதுக் கருத்து. நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட புல்வெளியும், விலை மிகுந்த மட்டைகளும், அவற்றைச் சுமந்துவர ஓர் ஆளும் அதற்கு வேண்டும். நம் பங்குகளில் அதை ஆடியவர் ஒருவரைத் தேடினாலும் கிடைப்பது அரிது. நாங்களும் அம்மட்டையைக் கையால் தொட்டதில்லை.

ஆயினும் சில ஆண்டுகளாக எங்கள் இல்லத்துத் தொலைக்காட்சியில் இவ்வாட்டத்திற்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது. எங்கள் மகள் வயிற்றுப் பேரன் மேனிலைப் படிப்பிற்காக எங்களோடு தங்கியிருந்தான். எந்த விளையாட்டும் அவனுக்கு விலக்கன்று. ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகிய நாங்கள் இருவரும் முதலில் அவனுக்குத் துணையாக அமர்ந்தோம். பின்னர் எங்கள் ஆவலாலேயே அமர்ந்தோம். பந்து எங்கே விழுந்தது என்பதைக் காட்டிலும், அதை அடிக்கும் மனிதர் அடிப்பதற்கு முன் எவ்வாறு ஆயத்தம் செய்கிறார், அடித்த பின் தம்மையே எவ்வாறு ஆராய்கிறார் என்பவையே எங்களைக் கவர்ந்தன. தேடிப் படித்தோம். படித்தவற்றுள் சில, இரவு செபத்தின்போது தாமாகவே நினைவிற்கு வந்தன. அவற்றையே வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

விளையாட்டை ஆன்ம வாழ்விற்கு உவமையாக்குவது புதிதன்று. புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஓட்டப் பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் எடுத்துக் காட்டுகிறார். கொரிந்து நகருக்கு அருகிலேயே புகழ்பெற்ற இஸ்த்மியப் போட்டிகள் நடைபெற்று வந்தன. அம்மக்கள் கண்ணாரக் கண்ட காட்சியையே அவர் பாடமாக்கினார். வாடிப் போகும் முடிக்காக ஒருவன் தன்னை இத்துணை ஒறுக்கக்கூடுமாயின், வாடாத முடியை நாடும் நாம் எவ்வளவு ஒறுக்க வேண்டும் என்பதே அவர் கருத்து.

ஆட்டத்தின் அமைப்பு எளிது. மொத்தம் 18 குழிகள். ஒவ்வொரு குழியின் குறுக்களவும் நாலேகால் அங்குலம். எலுமிச்சம்பழம் போன்ற சிறு பந்தை, 14-க்கு மேற்படாத மட்டைகளைக் கொண்டு அடித்து, ஒவ்வொரு குழியிலும் குறைந்த அடிகளில் விழச் செய்ய வேண்டும். பெரும் போட்டிகளில் சுற்று முழுவதும் ஏறத்தாழ 7,000 கெசம். அதாவது ஆறு கிலோமீட்டருக்கு மேல். தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் ஒவ்வொரு குழியையும் இத்தனை அடிகளில் முடிக்க வேண்டும் என்றோர் அளவு உண்டு. அதைப் 'பார்' என்பர். சுற்று முழுவதற்கும் அது பெரும்பாலும் 70 முதல் 72 வரை அமையும். பெரும் போட்டிகள் வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள்கள் நடைபெறும். முதல் இரு நாள்களில் பின்தங்கியவர் விடைபெற்றுச் செல்ல, எஞ்சியவர் 72 குழிகளையும் ஆடி முடிப்பர்.

இவ்வாட்டத்தைப் பிறவற்றினின்று வேறுபடுத்துவது ஒன்றுண்டு. ஒவ்வோர் அடியையும் பார்த்து ஊதல் ஊத நடுவர் எவரும் உடன் நடப்பதில்லை. விதியை மீறிவிட்டோம் என்று முதலில் அறிவிக்க வேண்டியவர் ஆடுபவரே. எண்ணிக்கையை உடன் ஆடுபவர் ஓர் அட்டையில் குறித்து வருவார். ஆட்டம் முடிந்ததும் அவ்வட்டையைத் தாமே சரிபார்த்து, 'இஃது உண்மை' என்று ஒப்பமிட்டுக் கொடுக்க வேண்டியவர் ஆடியவர். ஒப்பமிட்டபின் அதுவே முடிவு. இதை அறிந்த அன்றே, இவ்விளையாட்டிற்கும் நம் ஆன்ம சோதனைக்கும் ஏதோ உறவு உண்டு என்று எங்களுக்குப் பட்டது.

ஆயத்தம்

போட்டி வியாழனன்று தொடங்கும் என்றால் ஆட்டக்காரர் அவ்வாரத்தின் முற்பகுதியிலேயே வந்துவிடுவர். திடலை நடந்து பார்ப்பர். எந்த இடத்தினின்று குழி எத்தனை கெசம், மணற்பள்ளம் எங்கே, நீரோடை எங்கே, புல்தளம் எப்பக்கம் சரிகிறது என்றெல்லாம் சிறு ஏட்டில் குறித்துக்கொள்வர். பை சுமக்கும் துணைவரும் தமக்கென ஓர் ஏடு வைத்திருப்பார். 'இங்கே தவறினால் பிழைக்கலாம். அங்கே தவறினால் மீட்சியில்லை' என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்து வைப்பர். பாவ சமயங்களை விலக்குவேன் என்று மனத்துயர் மந்திரத்தில் நாம் உறுதி கூறுகிறோமே, ஏறத்தாழ அதே வேலைதான் இது. எந்த வழியில் போனால் நாம் வழுக்கி விழுவோம் என்பதை விழுந்த பின்னன்று, விழுவதற்கு முன் அறிந்து வைத்தலே அறிவுடைமை.

ஆயத்தத்திற்கு இலக்கணமாகச் சொல்லப்படுபவர் அமெரிக்க நாட்டு டெக்சாஸ் மாநிலத்தவரான பென் ஹோகன். 1912-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். ஃபோர்ட் வொர்த் நகரத்துத் திடலொன்றில் பிறருடைய மட்டைப் பைகளைச் சுமந்து பொருளீட்டியவர். பதினேழு வயதில் தொழில்முறை ஆட்டக்காரரானார். ஆனால் தனியொருவராக முதல் வெற்றி காண்பதற்கு 1940 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பத்தாண்டுகள்! இடையில் கைப்பணம் கரைந்து ஊர் திரும்பிய நாள்களும் உண்டு. பந்து இடப்புறம் வளைந்து போகும் குறை அவரை விடாது துன்புறுத்தியது. அதைத் திருத்த அவர் கண்ட வழி ஒன்றே: பயிற்சி. காலை முதல் மாலை வரை, மற்றவர் ஓய்ந்த பின்னும், அடித்த பந்தையே மீண்டும் மீண்டும் அடித்தார்.

1949 பிப்ரவரி 2-ஆம் நாள், ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அளித்த திருநாளன்று, பனிமூட்டத்தில் பேருந்தொன்று அவருடைய காரின்மீது நேருக்கு நேர் மோதியது. மோதும் கணத்தில் அவர் அருகிலிருந்த மனைவியைக் காக்க அவர்மீது குறுக்கே பாய்ந்தார். காரின் திசைமாற்றும் சக்கரத்தின் தண்டு, அவர் அமர்ந்திருந்த இருக்கையை ஊடுருவிச் சென்றது. மனைவியைக் காக்கப் பாய்ந்ததே அவரையும் காத்தது! இடுப்பெலும்பு, கழுத்துப்பட்டை எலும்பு, கணுக்கால், விலா என்று பல இடங்களில் முறிவு. நடப்பதே ஐயம் என்றிருந்த அவர், பதினாறு மாதங்கள் கழித்து, 1950 ஜூன் மாதத்தில், கால்களில் கட்டுகளோடு மெரியன் திடலில் அமெரிக்க ஓப்பன் போட்டியில் நின்றார். கடைசி நாளில் 36 குழிகள் நடந்து, சமநிலை எய்தி, மறுநாள் மீண்டும் 18 குழிகள் ஆடி வென்றார்.

1953-இல் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் நடந்த ஓப்பன் போட்டிக்கு அவர் முன்னதாகவே சென்று சேர்ந்தார். அந்நாளில் பிரிட்டனில் பயன்பட்ட பந்து, அமெரிக்கப் பந்தைவிடச் சிறியது. மண்ணும் வேறு, காற்றும் வேறு. ஏற்கெனவே பல பட்டங்கள் பெற்றவர் என்ற எண்ணத்தை ஒதுக்கிவைத்து, புதிய மாணவரைப் போல் அனைத்தையும் கற்றார். குழியிலிருந்து தொடக்க இடம் நோக்கிப் பின்புறமாக நடந்து திடலை ஆராய்ந்தார் என்பர். முடிவிலிருந்து தொடக்கத்தைப் பார்க்கும் அந்நடையை எண்ணி நாங்கள் வியந்தோம். நான்கு சுற்றுகளில் அவருடைய எண்ணிக்கை 73, 71, 70, 68. ஒவ்வொரு சுற்றிலும் முந்தியதினும் மேலாக ஆடினார். வாழ்நாளில் அவர் அப்போட்டிக்குச் சென்றது அந்த ஒரு முறைதான். அம்முறையே வென்று திரும்பினார்.

நன்மரணத்திற்காக நாள்தோறும் மன்றாடும் நாமும் முடிவிலிருந்து வாழ்வைப் பார்க்கப் பழகியவர்களே. பிள்ளையின் திருமணத்தன்று அவன் எப்படிப்பட்டவனாக நிற்க வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பவர், அவனுடைய பத்து வயதில் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதையும் அறிவர்.

ஆட்டம்

ஒரு சுற்று ஆட நான்கு மணி நேரத்திற்கு மேல் ஆகிறது. ஆனால் ஓர் அடி அடிக்க இரண்டு நொடிகூட ஆவதில்லை. எழுபது அடிகளையும் சேர்த்துக் கூட்டினால் இரண்டு நிமிடத்திற்குச் சற்று மேல். மீதி நேரமெல்லாம் நடையும், காத்திருத்தலும், நினைவுகளோடு போராட்டமும்தான். ஆகவே தேர்ந்தவர்களின் திறமை மட்டை சுழலும் அந்த இரு நிமிடங்களில் மட்டும் இல்லை. முந்திய அடியின் கசப்பை அடுத்த அடிக்குச் சுமந்து செல்லாதிருப்பதில் இருக்கிறது. ஒவ்வோர் அடிக்கு முன்னும் அவர்கள் ஒரே முறையைக் கையாள்வதைக் காணலாம். பந்தின் பின்னே நிற்பர், இலக்கைப் பார்ப்பர், ஒருமுறை மூச்சை விடுவர், மட்டையை ஒரே விதமாக அசைப்பர், பின் அடிப்பர். வெல்லும் நிலையிலும் அதே முறை; தோற்கும் நிலையிலும் அதே முறை. நம் முன்னோர் வேலைக்கு நடுவே சொல்லி வந்த மனவல்லய செபங்கள் இத்தகையவை அல்லவா? அடுப்படியிலும் வயல் வரப்பிலும் ஒரு சிறு செபம், சிதறிய மனத்தை மீண்டும் ஒன்றுசேர்க்கும்.

இவ்வகையில் மனத்தை வென்றவர் அட்லாண்டா நகரத்தவரான பாபி ஜோன்ஸ். 1902-இல் பிறந்தவர். இறுதிவரை பரிசுப் பணத்திற்காக ஆடாதவர்; தொழிலால் வழக்குரைஞர். 1916-இல் பதினான்கு வயதுச் சிறுவனாக அமெரிக்க அமெச்சூர் போட்டியில் தோன்றிப் பலரை வியக்கச் செய்தார். ஆனால் அவருடைய முன்கோபம் பெரும் பகையாயிற்று. மட்டையை வீசி எறிவார். 1921-இல் ஸ்காட்லாந்தின் புனித அந்திரேயா நகரத் திடலில் ஓப்பன் போட்டியின் மூன்றாம் சுற்றில், ஆட்டம் கைவிட்டுப் போக, நடுவிலேயே பந்தை எடுத்துக்கொண்டு விலகிவிட்டார். அதற்காக அவர் பின்னர் பெரிதும் வருந்தினார். எதிராளியை நோக்காமல் 'பார்' என்ற அளவை மட்டும் நோக்கி ஆடக் கற்றபின்னரே அவருக்கு வெற்றி வந்தது. 1923 முதல் 1930 வரை 13 பெரும் பட்டங்கள். 1930-இல் அந்நாளைய நான்கு பெரும் போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்று, இருபத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றார். 1916 முதல் ஏழாண்டுகளை மெலிந்த ஆண்டுகள் என்றும், பின்னைய ஏழாண்டுகளைக் கொழுத்த ஆண்டுகள் என்றும் பகுத்துரைப்பது வழக்கம். பாரவோன் கண்ட கனவுக்கு யோசேப்பு சொன்ன பொருளில் கொழுத்தவை முந்தின, மெலிந்தவை பிந்தின. இங்கோ முறை மாறி வந்தது.

ஆயினும் ஜோன்ஸ் நினைக்கப்படுவது வென்ற போட்டிகளுக்காக மட்டுமன்று. தோற்ற ஒரு போட்டிக்காகவும்தான். 1925-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்து வுஸ்டர் திடலில் அமெரிக்க ஓப்பன். முதற் சுற்றில் 11-ஆம் குழியருகே பந்து நெடும்புல்லில் கிடந்தது. அடிக்க நின்றபோது அது சற்றே அசைந்துவிட்டது. பார்த்தவர் எவருமிலர். ஜோன்ஸ் தாமே சென்று சொல்லி, தம்மீது ஓர் அடி தண்டம் ஏற்றுக்கொண்டார். யாரும் காணவில்லையே, உறுதியாகத் தெரியுமா என்று கேட்கப்பட்டபோதும் அவர் மாறவில்லை. நான்கு சுற்றுகளின் முடிவில் அவரும் வில்லி மக்ஃபார்லேன் என்பவரும் சமநிலையில் நின்றனர். அந்த ஓர் அடி இல்லாதிருந்தால் பட்டம் அன்றே ஜோன்ஸுக்கு. சமநிலையை முறிக்க 18 குழிகள் ஆடினர், மீண்டும் சமநிலை. மேலும் 18 குழிகள் ஆடினர். ஜோன்ஸ் ஒரே அடியில் தோற்றார்.

அவருடைய நேர்மையை மற்றவர் புகழ்ந்தபோது, வங்கியைக் கொள்ளையிடாததற்காக ஒருவரைப் புகழ்வீர்களா என்னும் கருத்துப்பட மறுமொழி கூறினாராம். இம்மறுமொழியைப் படித்தபோது நாங்கள் சிறிது நேரம் ஏட்டை மூடி வைத்துவிட்டோம். கடமையைச் செய்துவிட்டுப் பாராட்டை எதிர்பார்ப்பது நம் காலத்து வழக்கம். கூடுதலாக வந்த சில்லறையைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்த பிள்ளையை ஊரறியப் புகழ்கிறோம். புகழலாம், தவறில்லை. ஆனால் அப்பிள்ளை, 'இதில் என்ன இருக்கிறது? அது நம்முடையது அன்றே!' என்று வியக்கும் நிலைக்கு வளர்வதே வளர்ப்பின் நிறைவு. மறைவில் காணும் தந்தை ஒருவர் உண்டு என்று நம்புவோருக்கு, பார்ப்பவர் எவருமில்லாத இடம் என்று ஒன்று இல்லையே.

பின்னாளில் ஜோன்ஸைத் தண்டுவட நோய் பற்றியது. 1948-க்குப் பின் அவர் ஆடவில்லை. கைத்தடியும், பின்னர் சக்கர நாற்காலியும் துணையாயின. அத்துன்பத்தைப் பொறுமையோடு சுமந்தார். 1971 டிசம்பர் 18-ஆம் நாள் காலமானார். இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன், தம் மனைவியின் நம்பிக்கையாகிய கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்க்கப்பெற்றார் என்பது நம் வாசகர்க்கு மகிழ்வளிக்கும் செய்தி.

மறுபார்வை

ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்கிவிட்டுச் சென்றுவிட முடியாது. அட்டை காத்திருக்கும். அதைச் சரிபார்க்கும் ஒரு சில நிமிடங்கள் எவ்வளவு முக்கியமானவை என்பதை உலகிற்குக் காட்டியவர் அர்ஜென்டினா நாட்டவரான ராபர்ட்டோ டி விசென்சோ.

1968 ஏப்ரல் 14. அன்று உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறு. அவருடைய 45-ஆம் பிறந்தநாளுங்கூட. ஜோன்ஸ் நிறுவிய ஆகஸ்டா திடலில் மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதிச் சுற்று. டி விசென்சோ 65 அடிகளில் முடித்தார். பாப் கோல்பி என்பவரோடு சமநிலை. மறுநாள் இருவரும் மோத வேண்டும். ஆனால் 17-ஆம் குழியில் அவர் மூன்று அடிகளில் முடித்ததை, உடன் ஆடி எண்ணிக்கை குறித்த டாமி ஆரன் நான்கு என்று எழுதியிருந்தார். டி விசென்சோ அதைக் கவனியாது ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டார். உள்ளதைவிடக் குறைத்து ஒப்பமிட்டால் தகுதியிழப்பு, கூட்டி ஒப்பமிட்டால் கூட்டியதே நிலைக்கும், இதுவே விதி. 65 என்பது 66 ஆயிற்று. கூட்டமும் தொலைக்காட்சியும் கண்ட உண்மையை அட்டை ஏற்கவில்லை. பட்டம் கோல்பிக்குச் சென்றது.

டி விசென்சோ எழுதியவரைக் குறை கூறவில்லை. ஒப்பமிட்டவன் நான், மூடத்தனம் என்னுடையது என்று தம்மையே நொந்துகொண்டார். பழியைப் பிறர்மீது ஏற்ற இத்துணை எளிதான வாய்ப்பு யாருக்கும் வாய்த்திராது. அவர் அதைத் தொடவில்லை. நேர்மைக்காக பாபி ஜோன்ஸ் பெயரால் வழங்கப்படும் விருது 1970-இல் அவருக்கு அளிக்கப்பட்டது. தவறாக எழுதிய ஆரனும் பாடம் கற்றார். 1973-இல் அதே மாஸ்டர்ஸ் போட்டியில், தம் அட்டையில் உடன் ஆடியவர் ஓர் அடி கூட்டி எழுதியிருந்ததைக் கண்டு, ஒப்பமிடும் முன் திருத்தினார்; பட்டமும் வென்றார்.

இன்றைய ஆட்டக்காரர் அட்டையோடு நிற்பதில்லை. கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி என்பவர் ஒரு கணக்கு முறையை வகுத்தார். ஒவ்வோர் அடியையும், அதே தொலைவிலிருந்து மற்ற தேர்ந்த ஆட்டக்காரர் சராசரியாக எத்தனை அடிகளில் முடிக்கிறார்கள் என்பதோடு ஒப்பிட்டு, எங்கே ஆதாயம், எங்கே இழப்பு என்று அது காட்டும். அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றுப்போட்டி அமைப்பு 2011 முதல் இதைக் கையாளத் தொடங்கியது. இக்கணக்கால் வெளிப்பட்ட உண்மை சுவையானது. குழியருகே மெல்லத் தட்டும் கடைசி அடி தவறுவதே தோல்விக்குக் காரணம் என்று பார்ப்பவரும் ஆடுபவரும் நெடுநாள் நம்பிவந்தனர். ஆனால் மிகச் சிறந்தவருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, தொலைவிலிருந்து அடிக்கும் அடிகளாலேயே விளைகிறது என்று பிராடி கண்டார். வருந்தும் இடம் ஒன்று. இழந்த இடம் வேறொன்று!

இது நம் இல்லங்களிலும் மெய்யே. இரவு உணவின்போது வெடித்த கடுஞ்சொல்லுக்காகக் கணவர் வருந்துகிறார். அச்சொல்லின் வேர் உணவு மேசையில் இல்லை. மூன்று மாதமாக மனைவியிடம் சொல்லாது மறைத்த கடனில் இருக்கிறது. கடுஞ்சொல்லை மட்டும் அறிக்கையிட்டு எழுபவர், அடுத்த வாரமும் அதையே அறிக்கையிட வருவார்.

புனித லொயோலா இஞ்ஞாசியார் இதை நன்கு அறிந்திருந்தார். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற அவருடைய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில், ஒரு குறிப்பிட்ட குறையைத் திருத்த விழைபவர் நாளுக்கு இரு கோடுகள் வரைந்து, விழுந்த முறைகளை அவற்றில் புள்ளியிட்டு, நாளை நாளோடும் வாரத்தை வாரத்தோடும் ஒப்பிடுமாறு பணிக்கிறார். ஒருகாலத்தில் போர்வீரராய் இருந்தவர் ஆன்மாவிற்கு வகுத்த அட்டை அது. பொதுவான ஆன்ம சோதனையிலோ அவர் குறைகளோடு தொடங்குவதில்லை. முதலில் பெற்ற நன்மைகளுக்கு நன்றி, பின் ஒளி வேண்டல், அதன் பின்னரே ஆராய்வு, அப்பால் மன்னிப்பு வேண்டல், இறுதியில் உறுதிப்பாடு. நன்றியோடு தொடங்கும் கணக்கு ஒருவரை நசுக்காது.

வீழ்ச்சியும் மீட்சியும்

இத்துணையும் எழுதியதற்கு உண்மையான காரணம் இனித்தான் வருகிறது.

வட அயர்லாந்தின் ஹாலிவுட் என்னும் சிற்றூரில் 1989-இல் பிறந்தவர் ரோரி மக்கில்ராய். கத்தோலிக்கக் குடும்பம், ஒரே பிள்ளை. மகனுடைய பயிற்சிக்காகத் தந்தை துப்புரவுப் பணி, மதுக்கூடப் பணி என்று பல வேலைகள் பார்த்தார். தாய் ஆலையில் இரவு முறைப் பணி செய்தார். தந்தை வீடு திரும்பும் நேரத்தில் தாய் புறப்படும் வாழ்க்கை எத்தகையது என்பதை நம் வாசகர் பலர் அறிவர்.

2011 ஏப்ரல் 10, தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. இருபத்தொரு வயது மக்கில்ராய், நான்கு அடிகள் முன்னணியோடு மாஸ்டர்ஸ் இறுதிச் சுற்றைத் தொடங்கினார். 10-ஆம் குழியில் ஆட்டம் சரிந்தது, மீளவில்லை. 80 அடிகள். பதினைந்தாம் இடம். இரண்டே மாதத்தில், தந்தையர் நாளான ஜூன் 19 அன்று, அமெரிக்க ஓப்பன் போட்டியை எட்டு அடி வேறுபாட்டில் வென்றார். மேலும் பல பட்டங்கள் வந்தன. ஆனால் மாஸ்டர்ஸ் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கைநழுவிற்று. பதினான்கு ஆண்டுகள்! 2025 ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு. அன்றும் முதற் குழியிலேயே முன்னணியை இழந்தார். 13-ஆம் குழியில் எளிய அடி ஒன்று ஓடைநீரில் விழுந்தது. கடைசிக் குழியில் சிறு தொலைவுத் தட்டல் தவறிற்று. சமநிலை. ஜஸ்டின் ரோஸ் என்பவரோடு மீண்டும் ஆடிய முதல் குழியிலேயே வென்று, முழந்தாளிட்டு விழுந்து அழுதார். நான்கு பெரும் பட்டங்களையும் வாழ்நாளில் பெற்றோருள் அவர் ஆறாமவர்.

நம் நாட்டில் அப்போது திங்கட்கிழமை விடியற்பொழுது. பேரன் எங்களோடு விழித்திருந்தான். அடுத்த மாதம் அவன் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதினான். ஜூனில் முடிவு வந்தது. இடம் கிடைக்கும் மதிப்பெண் இல்லை.

தேர்வு முடிவுகள் வரும் நாள்களில் நாளிதழைத் திறக்கவே அஞ்சும் காலம் இது. எங்கள் தமிழ்நாட்டில் எத்தனை இல்லங்கள் ஒரே தாளின் எண்களால் இருண்டன என்பதை நாடறியும். அன்றிரவு அவன் உண்ணவில்லை. நாங்கள் அவனுடைய அறைக் கதவைத் திறந்தே வைத்து, வாயிலில் அமர்ந்திருந்தோம். நெடுநேரங் கழித்து, "தாத்தா, பாட்டி, எல்லாம் முடிஞ்சு போச்சு" என்றான். "உண்மையிலேயே முடிஞ்சிருந்தா அட்டையைப் பாக்கணுமே, தம்பி. இன்னும் பாக்கலையே" என்றோம். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் எழுந்து வந்து கஞ்சி குடித்தான்.

மூன்று நாள் கழித்து நாங்கள் மூவரும் அமர்ந்து அவ்வாண்டைத் திரும்பிப் பார்த்தோம். முதலில் கிடைத்த நன்மைகளைச் சொல்லச் சொன்னோம். தயங்கித் தயங்கி ஐந்தாறு சொன்னான். பின்னர் இழப்புகள். தேர்வறையில் நடுங்கியதே காரணம் என்று அவன் எண்ணியிருந்தான். தாள்களையும் பயிற்சி ஏடுகளையும் புரட்டியபோது, இயற்பியலில் தனக்கு அடிப்படையே பிடிபடவில்லை என்பதைத் தானே கண்டான். இறுதியில், "எனக்குச் செடி கொடிகளைப் பத்திப் படிக்கத்தான் பிடிக்குது" என்று மெல்லச் சொன்னான். அவன் தாயார் முதலில் கலங்கினாள். பிறகு அவனை அணைத்துக்கொண்டாள். அவன் வேளாண் படிப்பில் சேர்ந்தான். கோப்பை எதுவும் எங்கள் இல்லத்திற்கு வரவில்லை. பிள்ளை எங்களோடு இருக்கிறான், முகம் தெளிந்திருக்கிறான். அதற்காக இறைவனுக்கு நன்றி செலுத்துகிறோம்.

குடும்பங்களில் பெற்றோர் செய்யும் பெரும்பிழை தோல்வியன்றே மறுபார்வையைத் தொடங்குவதுதான் என்று, முப்பது ஆண்டு வகுப்பறையில் கண்டதைக் கொண்டு சொல்வோம். தேர்ந்த ஆட்டக்காரர்கூடச் சினம் ஆறிய பின்னரே கணக்கைப் பார்க்கின்றனர். முதல் இரவுக்கு உரியவை உணவும் உடனிருப்பும். ஆராய்வு பின்னர். ஆராயும்போதும் கேட்க வேண்டியது 'யார் குற்றம்?' என்பதன்று, 'எங்கே இழந்தோம்? எதை இன்னும் இழக்கவில்லை?' என்பதே. எம்மாவு நெடுஞ்சாலையில் மனமுடைந்து நடந்த சீடரிடம் உயிர்த்த ஆண்டவர் முதலில், என்ன நிகழ்ந்தது என்று அவர்களையே சொல்லவிட்டார். கடிந்தது அதன் பின்னர். முடிவிலோ அப்பம் பிட்டுக் கொடுத்தார்.

நாள்தோறும் குடும்ப செபம் சொல்லும் இல்லங்களில் ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்வது அரிதன்று. செபமாலை முடிந்ததும் விளக்கைத் தாழ்த்தி, அவரவர் அந்நாளை முதற் குழி முதல் பதினெட்டாம் குழி வரை நடந்து பார்க்கட்டும். பெற்ற நன்மைக்கு நன்றி சொல்லட்டும். எவரும் காணாது அசைந்த பந்து ஏதேனும் உண்டோ என்று தேடட்டும். நாளை நடக்க வேண்டிய வழியையும் நினைக்கட்டும். மாதம் ஒருமுறை அக்கணக்கோடு பாவசங்கீர்த்தனத் தொட்டியை அணுகட்டும்.

மண்ணுலக ஆட்டத்தில் ஒப்பமிட்ட அட்டையைத் திருத்த வழியில்லை. நமக்கோ மூச்சு இருக்கும்வரை அட்டை நம் கையிலேயே இருக்கிறது. திருத்தும் வேளையில் கைகொடுக்க இரக்கமுள்ள ஆண்டவர் அருகில் இருக்கிறார். இறுதி ஒப்பத்தின் வேளை எப்போது என்று அறியோம். அதுவரை ஒவ்வோர் இரவும் அவர் திருமுன் அமர்ந்து சரிபார்ப்போம்.